சாலை போட்டவரின் பெயர் ‘தனிப்பட்ட தகவல்’ ஆகுமா? தகவல் உரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பின் வழி என்ன?

ஏரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ரேஷன் கடையிலிருந்து பிள்ளையார் கோயில் வரை செல்லும் தெருவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் சாலை போட்டார்கள். நீளம் 180 மீட்டர், அகலம் 3 மீட்டர். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் மேல்பகுதி உரிந்து ஜல்லி வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. அரிசி வாங்கிக்கொண்டு அந்த வழியாக நடந்து வந்த என் அம்மா கால் இடறி விழுந்து, ஒன்றரை மாதம் படுக்கையில் இருந்தார். தெருமுனையில் நட்டிருக்கும் பணி விவரப் பலகையில் ‘மதிப்பீட்டுத் தொகை’, ‘ஒப்பந்ததாரர் பெயர்’, ‘பணி முடிந்த நாள்’ என்று தலைப்புகள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு எதிரே உள்ள இடம் இன்றுவரை வெறுமையாகவே இருக்கிறது.

அந்த வெற்றிடத்தில் எழுதியிருக்க வேண்டியவற்றைத் தெரிந்துகொள்ளவே, மார்ச் மாதத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி மனு அனுப்பினேன். சாலையின் எஸ்டிமேட், எம் புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரரின் பெயர், அவருக்குப் பட்டுவாடா செய்யப்பட்ட தொகை ஆகிய நான்கையும் கேட்டிருந்தேன். 41ஆம் நாள் ஒரு பக்கப் பதில் வந்தது. கேட்கப்பட்டவை ஒரு தனிநபரைப் பற்றிய விவரங்கள் என்பதால் பிரிவு 8(1)(ஜே)யின்படி வழங்க இயலாது என்று அதில் இருந்தது. காரணம் வேறு எதுவும் எழுதப்படவில்லை.

பொதுப் பணத்தில் போட்ட சாலையின் கனம் எப்படி ஒருவரின் தனிப்பட்ட விவரம் ஆகும் என்பது எனக்கு விளங்கவில்லை. சட்டம் மாறிவிட்டது, இனி எதுவும் கிடைக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதானா? மேல்முறையீடு செய்தால் பயன் உண்டா? இந்தச் சட்டத்தில் எதைச் சீர்திருத்தினால் என்னைப் போன்றவர்களுக்கு வழி பிறக்கும்? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதிவறை

ஐயா, தங்கள் தாயார் முழுமையாகக் குணமடைய வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இத்தகைய மனுக்களுக்குப் பதில் தயாரித்துத் தந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் மனு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த பதில் சட்டப்படி நிற்காது. பிரிவு 7இன்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும். அதன்பின் தரும் தகவலுக்கு நகல் கட்டணமும் வாங்கக் கூடாது. மறுக்கும் கடிதத்தில் மறுப்புக்கான காரணம், எத்தனை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம் என்ற மூன்றும் இருந்தாக வேண்டும். ஒரு பிரிவின் எண்ணை மட்டும் எழுதுவது காரணம் ஆகாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு பொதுத் தகவல் அலுவலருடையது என்று பிரிவு 19(5) சொல்கிறது. முதல் மேல்முறையீட்டை இந்த வரியிலிருந்தே தொடங்குங்கள். பதில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள்தாம் அவகாசம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, திருத்தத்தைப் பற்றி. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் 8(1)(ஜே) நீண்ட வாசகமாக இருந்தது. பொதுச் செயல்பாட்டோடும் பொதுநலனோடும் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலையோ, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாக அமையும் தகவலையோதான் மறுக்கலாம். அதையும்கூடப் பெரிய பொதுநலன் இருந்தால் தர வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற ஒரு வரியும் அதோடு சேர்ந்து இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)ஆம் பிரிவின் வழியாக இவை அத்தனையையும் நீக்கி, ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே மறுத்துவிடலாம் என்னும்படி சுருக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்த அளவில் உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மை.

ஆனால் திருத்தம் தொடாமல் விட்டவையும் இருக்கின்றன. விலக்கு அளிக்கப்பட்ட தகவலாகவே இருந்தாலும், பாதுகாக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் விளையும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. தர முடியாத பகுதியை மறைத்துவிட்டு மற்றதைத் தர வேண்டும் என்னும் பிரிவு 10 இருக்கிறது. நீங்கள் நான்கு தகவல்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றில் ஒருவருடைய பெயர் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நான்கையும் மறுத்துவிட்டார்கள். சாலையின் நீளமும் அகலமும் கனமும் எந்த மனிதரின் அந்தரங்கமும் அல்ல என்று பிரிவு 10ஐக் காட்டிக் கேளுங்கள்.

ஒப்பந்ததாரரின் பெயருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, யாருடைய ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டதோ அவருடைய பெயரையும் முகவரியையும், மற்றவர்களுடையது நிராகரிக்கப்பட்ட காரணங்களையும், டெண்டர் செய்தி மடலுக்கு அனுப்ப வேண்டும். சில சிறு பணிகளுக்கு விலக்கு இருந்தாலும், உங்கள் சாலை டெண்டர் மூலம் விடப்பட்டிருந்தால், ஒரு சட்டம் வெளியிடச் சொன்ன பெயரை இன்னொரு சட்டத்தைக் காட்டி மறைக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. நகல் கேட்பதோடு நிறுத்திவிடாமல், நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். பணியையும் ஆவணத்தையும் பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, கட்டுமானப் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவது ஆகிய மூன்றும் பிரிவு 2(ஜே) தரும் உரிமைகள். எம் புக்கில் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், கனம் என்று வரிசையாக எழுதி, பெருக்கி, கடைசிக் கட்டத்தில் மொத்த அளவைப் போட்டிருப்பார்கள். பில் தொகை அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்துதான் பிறக்கிறது. கனத்தில் 5 சென்டிமீட்டர் கூட்டி எழுதினால் பில்லில் அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் சாலையை நாலைந்து இடங்களில் நீங்களே அளந்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ‘சாலை ஏன் பெயர்ந்தது’ என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பதாகும். ஆவணம் கேட்பது ஆகாது. ‘ஏன்’ என்று தொடங்கும் வரியைப் பார்த்தாலே மனுவைத் தள்ளிவிட வழி கிடைத்ததென்று என்னுடன் பணியாற்றிய சிலர் மகிழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செங்காந்தள்

பதிவறை ஐயா சொன்ன சட்ட விவரங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தனிப்பட்ட தகவலைக் காக்க வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஊழலை மறைக்க நினைப்பவர்கள் என்பது போன்ற பேச்சு பல இடங்களில் வருகிறது. அதனால் என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், முதியோர் உதவித்தொகை பெறுவோரின் பட்டியலை யாரோ தகவல் மனு மூலம் கேட்க, ஓர் அலுவலகம் தன்னிடமிருந்த அட்டவணையை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிட்டது. அதில் என் பெரியம்மாவின் பெயரோடு கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தன. ஒரு மாதத்துக்குள் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைப்புகள் வரத் தொடங்கின. எழுதப் படிக்கத் தெரியாத அவர், அந்த ஆயிரம் ரூபாயும் போய்விடுமோ என்று பயந்து, கைப்பேசியையே அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது என் பெரியம்மாவுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அவரைக் காப்பாற்றப் பழைய வாசகமே போதுமானதாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கிக் கணக்கு எண் எந்தப் பொதுச் செயல்பாட்டோடும் தொடர்பில்லாதது. பழைய 8(1)(ஜே)யைப் படித்துப் பார்த்து, அந்த இரண்டு பத்திகளின் மேல் ஒரு தாளை வைத்து நகலெடுத்திருந்தால் சிக்கலே இல்லை. அலுவலகம் சட்டத்தைப் படிக்காமல் கொடுத்தது; இன்று இன்னோர் அலுவலகம் படிக்காமல் மறுக்கிறது. இரண்டிலும் துன்பப்படுவது அதே ஏழை மக்கள்தாம்.

எனவே நான் கேட்கும் சீர்திருத்தம் இதுதான். எந்தப் பதிவேட்டில் எந்தப் பத்தியை வெளியிட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று துறைவாரியாக எழுதி வைத்துவிடலாம். ஒப்பந்ததாரர் என்றால் பெயர், ஒப்பந்த எண், தொகை, நாள் வெளியே வரட்டும். உதவித்தொகை என்றால் பெயரும் தொகையும் போதும். கைப்பேசி எண், ஆதார் எண், கணக்கு எண் வெளியே வரவே கூடாது. அரசிடம் ஒப்பந்தம் எடுத்து இலட்சக்கணக்கில் பெறுபவரையும், மாதந்தோறும் சிறு உதவித்தொகை பெறும் முதியவரையும் ‘தனிநபர்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது நியாயம் அல்ல.

மணல்மேடு

சகோதரி செங்காந்தள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் பெயர் என்பது எவ்வளவு முக்கியமானது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டமே பெயர்ப்பட்டியலிலிருந்துதான் பிறந்தது.

ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் கிராமத்துத் தொழிலாளர்களும் சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை; கேட்டால், கணக்குப் புத்தகத்தில் நீங்கள் அவ்வளவு வேலை செய்ததாக இல்லை என்று பதில் வந்தது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் எழுந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஊர் நடுவில் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடியாத கட்டடம் முடிந்ததாக எழுதப்பட்டிருந்ததும் அப்படித்தான் வெளிப்பட்டன. அந்தப் பட்டியலில் பெயர்களை மறைத்துவிட்டு ‘தொழிலாளி 1, தொழிலாளி 2’ என்று படித்திருந்தால், ‘நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை’ என்று எழுந்து சொல்ல யாரால் முடிந்திருக்கும்? 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாட்கள் நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதே அவர்கள் முழக்கம்.

தமிழ்நாடு 1997லேயே தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றி, மாநிலங்களில் முன்னோடியானது. விலக்குகள் அதிகமாக இருந்ததால் அந்தச் சட்டம் மக்கள் கைக்கு வந்து சேரவே இல்லை. விலக்குப் பட்டியல் வீங்கினால் சட்டம் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது.

தேர்தல் பத்திர வழக்கும் இதையே காட்டியது. கொடுப்பவரின் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் பத்திரம் வாங்கியவர்கள், மற்றொன்றில் பணமாக்கிய கட்சிகள். யார் யாருக்குக் கொடுத்தார் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியவில்லை. நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பின், ஒரு வாரம் கழித்துப் பத்திரங்களின் தனி எண்கள் வெளிவந்த பிறகுதான் கொடுத்தவரையும் பெற்றவரையும் பொருத்திப் பார்க்க முடிந்தது. தகவலைப் பாதியாகக் கொடுத்துவிட்டு, இரண்டு பாதிகளையும் இணைக்கும் கண்ணியை மறைத்துக்கொண்டால், கொடுத்ததும் பயன்படாது. ஏரிக்கரையான் ஐயாவுக்கு ஒப்பந்ததாரர் பெயர் வேண்டியிருப்பதும் இதற்காகத்தான். அந்தப் பெயர் தெரிந்தால், பக்கத்து ஊரில் பெயர்ந்து கிடக்கும் சாலையைப் போட்டவரும் அவர்தானா என்று பார்க்கலாம்.

சீர்திருத்தம் என்று கேட்டால், 8(1)(ஜே)யைப் பழைய வாசகத்துக்கே திருப்ப வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. அடுத்தது, இரண்டாவது மேல்முறையீட்டைக் கேட்கும் தகவல் ஆணையங்கள். ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்று சட்டத்திலேயே இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மத்திய அரசின் விதிகளுக்கு விட்டது. விதிகள் அதை மூன்றாண்டாக்கின. ஊதியத்தை முடிவு செய்வதும் மத்திய அரசின் கைக்குப் போனது. காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்ப வேண்டும் என்று அதே 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியது. அதற்குப் பிறகுதான் ஜார்க்கண்ட் ஆணையம் 2020 மே முதல் ஆணையரே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இரண்டாவது மேல்முறையீட்டைக் கேட்க ஆளே இல்லை என்று தெரிந்தால், கீழே உள்ள அலுவலர் எதற்காக அஞ்சப் போகிறார்? நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் என்னும் பிரிவு 20 காகிதத்தில்தான் இருக்கும்.

கல்தச்சன்

ஒரு சிறு கருத்து. இவ்வளவு போராட்டமும் அந்தப் பலகையில் மூன்று வரிகளை எழுதாததால் வந்தது. பிரிவு 4 கேட்காமலே வெளியிட வேண்டியவற்றை 17 தலைப்புகளில் சொல்கிறது; செலவின விவரங்களும் அதில் அடங்கும். ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் ஜன சூச்னா என்ற இணையதளத்தைத் தொடங்கி, ஊராட்சி வாரியாகத் திட்ட விவரங்களை மனு இல்லாமலே பார்க்கும்படி செய்தது. பணி விவரப் பலகையை முழுமையாக எழுதி, அதைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தால்தான் இறுதி பில் பாஸ் ஆகும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். பாதி மனுக்கள் தேவைப்படாது.

ஏரிக்கரையான்

நால்வருக்கும் நன்றி. நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

பதிவறை ஐயா சொன்னபடி பிரிவு 7, 8(2), 10, 19(5) ஆகியவற்றைக் காட்டி முதல் மேல்முறையீடு செய்தேன். 44ஆம் நாள் உத்தரவு வந்தது. ஒப்பந்ததாரரின் பெயரும், அவர் பெற்ற தொகையும் மீண்டும் மறுக்கப்பட்டன. எம் புக்கை மட்டும் அலுவலகத்துக்கு வந்து பார்வையிடலாம் என்று இருந்தது. சாலையோரம் மண் அரித்துப் பக்கவாட்டு தெரியும் மூன்று இடங்களில் முதல் நாளே அளந்துகொண்டேன். ஓரிடத்தில் 9.5 சென்டிமீட்டர், ஓரிடத்தில் 10, ஓரிடத்தில் 11.

அலுவலகத்தில் புத்தகத்தை என் முன் வைத்தபோது, ஒப்பந்ததாரரின் பெயர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டியிருந்தார்கள். அடுத்த வரியில் அளவுகள் தெளிவாக இருந்தன: நீளம் 180, அகலம் 3, கனம் 0.15, மொத்தம் 81 கன மீட்டர். கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் 54 கன மீட்டர் வரும். 27 கன மீட்டர் கான்கிரீட் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை என்று ஆகிறது. மேல் அலுவலர் சரிபார்த்ததற்கான கையொப்பம் இருந்தது. அதன் கீழே தேதி இல்லை. எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்த எண்களைப் படித்தேன். அலுவலர்கள், ஓரத்தில் அளந்தால் குறைவாகத்தான் இருக்கும், நடுவில் சரியாக இருக்கும் என்றார்கள். அப்போது அந்தச் சாலை வேலையில் கலவை சுமந்த, எங்கள் தெருவிலேயே வசிக்கும் அக்கா ஒருவர் எழுந்தார். “சைடுல வச்ச பலகையே நாலு இஞ்சுதானே தம்பி, அதுக்குள்ள ஆறு இஞ்சு எப்படிப் போடுவாங்க?” என்று கேட்டார். சபையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று பெண்கள் பகுதியிலிருந்து குரல் வந்தது, எழுதப்பட்டது. மணல்மேடு ஐயா எழுதிய கோட் கிரானா எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

அந்தத் தீர்மான நகலையும் என் அளவுக் குறிப்பையும் இணைத்து, 90 நாள் அவகாசம் முடிவதற்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். சாலையின் நடுவில் மூன்று இடங்களில் துளையிட்டு எடுத்த சான்றளிக்கப்பட்ட மாதிரிகள் வேண்டும் என்று தனியாக ஒரு மனுவும், இந்தப் பணிக்கான டெண்டர் செய்தி மடலின் நகல் வேண்டும் என்று இன்னொரு மனுவும் போட்டிருக்கிறேன். இம்முறை ஒரு மனுவில் ஒரே ஒரு தகவல்தான் கேட்டிருக்கிறேன். ஆணையத்திலிருந்து விசாரணைத் தேதி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.